ஆல்டர் அண்ணன்

பழைய தண்டர்பேர்டை ஆல்டர் பண்ணி வைத்துக்கொண்டு, அதைத் தரகர் இல்லாமல் தானே விற்கக் காளவாசல் டீக்கடை முன்னால் நிற்கிற அண்ணனைக் கண்டு, ‘ஏமாற்றிவிடுவாரோ’ என்று பயப்படுகிறவர்கள் ஆளைத் தப்பாக எடை போடுகிறார்கள். கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுகிறவன் வேறு ரகம். இவர் ஆர்.சி. புக்கை எடுப்பதற்கு முன்பே பில்களைத்தான் நீட்டுவார். வீட்டில் காட்டாத பில்கள்கூட அந்த பிளாஸ்டிக் கவரில் இருக்கும். குறை அவருடைய நாணயத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது வண்டியை மெச்சுகிற ஆள். அவரைத் தேடி வருவதோ வாங்குகிற ஆள். சந்தையில் இந்த இருவரும் ஒரே சட்டைக்குள் வருவது அபூர்வம்.

ராயல் என்ஃபீல்டின் இந்த வண்டி 2002இல் வந்தது. 2012இல் 20 லிட்டர் டேங்கோடு புது உருவம் எடுத்தது. 2020 நவம்பரில் வந்த மீட்டியாருக்கு இடம் விட்டது. ‘இனிமே இது வராதுல்ல தம்பி’ என்பது அண்ணனின் முதல் வாதம். வாங்கிய விலையோடு ஹேண்டில்பார், அகல டயர், ஒற்றை சீட், மேட் பிளாக் பெயிண்ட் எல்லாவற்றையும் கூட்டுவார். ஓட்டிய வருஷங்களைக் கழிக்க மட்டும் மறந்துவிடுவார். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த பையன் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்து, டேங்கில் வரைந்த கழுகைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் சூப்பர்ண்ணே. ஒரிஜினல் சைலன்சர் வச்சிருக்கீங்களா?’ என்பான். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் பையன் கேட்டதில் நியாயம் உண்டு. ஹேண்டில்பார் உயர்ந்தால் கேபிளும் ஒயரும் நீள வேண்டும். நீட்டிய இடத்தில் டேப் சுற்றியிருக்கும். மழைக்காலத்தில் கோளாறு அங்கேதான் பிறக்கும். கீறல் விழுந்த மேட் பெயிண்டைப் பாலிஷ் போட்டு மீட்கவும் முடியாது. அண்ணனுக்கு அழகாகத் தெரிகிற ஒவ்வொன்றும் பையனுக்கு மெக்கானிக் செலவாகத் தெரிகிறது.

சட்டமும் பையன் பக்கம்தான். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. புத்தகத்தில் இருவர் உட்காரலாம் என்றிருக்கிறது; சீட்டிலோ ஒருவருக்குத்தான் இடம். (பாதிப் பேர் கல்யாணம் நிச்சயமானதும் விற்க வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.) ஒவ்வொரு ஆல்டருக்கும் தனித்தனியாக விலை போட வேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுகிறார் அல்லவா? 2019இல் திருத்திய சட்டம் அதைச் செய்திருக்கிறது: அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. கொடுக்க வேண்டியவர் அண்ணன் என்பதுதான் சங்கடம். இதற்கு நடுவில் 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ‘பேர் மாத்துறத நீங்களே பாத்துக்கங்க தம்பி’ என்பது பெருந்தன்மை இல்லை, ஆபத்து. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியைப் பிரிய மனமில்லாதவருக்கு இதைவிட உறுதியான பந்தம் வேறில்லை.

‘பெரிய பட்டறைகள் செய்து தரும் வண்டி லட்சக்கணக்கில் போகிறதே?’ என்று கேட்கலாம். போகிறது; அங்கே விலை பட்டறையின் பெயருக்கு. ‘ரசனை தெரிந்த ஒருவன் வராமலா போவான்?’ வருவான். ஆனால் ரசனை உள்ளவனுக்குத் தன் ரசனைப்படி மாற்றத்தான் பிடிக்கும்; அடுத்தவன் வரைந்த கழுகோடு ஊர் சுற்ற அவனுக்கு என்ன தலையெழுத்து? போதாக்குறைக்கு, இதே அண்ணன் தன் தம்பிக்கு ஒரு பழைய வண்டி பார்க்க மாட்டுத்தாவணிப் பக்கம் போனால், ‘ஆல்டர் பண்ணாததா காட்டுங்கண்ணே’ என்றுதான் ஆரம்பிப்பார். கடைசியில் மெக்கானிக் சொல்வதே நடக்கும்: எல்லாவற்றையும் கழற்றி ஒரிஜினலாக்கி விற்பது, கழற்றிய ஹேண்டில்பாரைப் புதிதாக புல்லட் வாங்கிய ஒருவனிடம் பாதி விலைக்குத் தள்ளுவது. அதற்கு முதலில் ஒரிஜினல் சைலன்சர் வேண்டும். அதை அவர் காயலாங்கடையில் எடைக்குப் போட்டு நாளாகிறது.