தாழ்வான பகுதி மக்களின் கனிவான கவனத்துக்கு

ஐப்பசி பிறந்ததும் துண்டறிக்கை வந்துவிட்டது. அவசரகாலப் பை தயாரிக்க வேண்டுமாம். டார்ச் லைட், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், குடிநீர், மாத்திரை. பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம். பத்திரம் நனையக் கூடாது என்பது நியாயம்தான். நான் ஏரிக்குள் குடியிருக்க அரசாங்கமே முத்திரை குத்தித் தந்த அத்தாட்சி அது. வீடு முழுகலாம், அத்தாட்சி முழுகலாமா?

'தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள்' என்று என்னை விளிக்கிறார்கள், ஏதோ ஆண்டவன் பார்த்துப் பள்ளம் தோண்டி வைத்த மாதிரி. நான் குடிவந்தபோது மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனேன். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தார், அடுத்த தேர்தலுக்கு இன்னொரு தார். இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்குகிறேன். வார்டு பிரமுகரிடம் முறையிட்டால், "முழங்கால் அளவுதானே சார்? போன தடவை இடுப்பு வரைக்கும்ல வந்துச்சு!" என்கிறார். முன்னேற்றம்தான்.

சென்னையின் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே போதும், பேரிடர் மேலாண்மை விளங்கிவிடும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. வியூவுக்கு லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரி போய் லேக் ஏரியா மிஞ்சியது. தூர்த்த அந்த ஏரியின் மேல் 1976இல் வள்ளுவருக்குக் கோட்டம் திறந்தார்கள். வான்சிறப்பு என்று தனி அதிகாரமே எழுதிய மனுஷனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரால் செய்ய முடியும்? பள்ளிக்கரணைச் சதுப்பில் ஊர்க் குப்பையை மலையாகக் குவித்தோம், கட்டடங்களால் கடித்துத் தின்றோம். மிச்சமிருந்த துண்டுக்கு 2022இல் ராம்சர் ஈரநில அங்கீகாரம் வாங்கிக் கைதட்டிக்கொண்டோம். விரல்களை வெட்டிவிட்டு மோதிரம் போட்ட கதை.

பை இருந்திருந்தால் 2015 டிசம்பர் 1 இரவு என்ன ஆகியிருக்கும்? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி. தூக்கத்தில் இருந்தவன் பாயைத் தொட்டுப் பார்த்துத்தான் ஏரி நிலவரம் தெரிந்துகொண்டான். அது மனிதரால் விளைந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதினார். 2018இல் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்தார்கள். வைத்ததோடு சரி. வெள்ளத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நிவாரணப் பொட்டலத்தில் முதல்வர் படம் ஒட்டும் பசைக்குப் பஞ்சம் வரவில்லை. ஆட்சி மாறி, 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது படகும் வந்தது, ரேஷன் கடையில் 6,000 ரூபாயும் வந்தது. தண்ணீர் போக வழி மட்டும் வரவில்லை.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் முடியவில்லை. அடையாற்றின் மேலேயே விமான ஓடுபாதை போகிறது. அதற்குப் பெயர் வளர்ச்சி. அதே ஆற்றின் கரையில் ஓலையும் தகரமுமாக ஒண்டியிருந்தவன் ஆக்கிரமிப்பாளன். புல்டோசர் விட்டு, பிள்ளைகளைப் படிப்புக்கு நடுவே பிடுங்கி, கிடைத்த கூலி வேலையையும் பறித்து, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்? பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும். மழை வந்தால் அங்கேயும் வெள்ளம். ஆற்றங்கரையில் இருந்தபோது ஓடவாவது ஊர் பக்கத்தில் இருந்தது. இப்போது எட்டு மாடி உச்சியில் லிப்ட் நின்று, மோட்டார் நின்று, சுற்றிலும் தண்ணீரோடு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனிடமும் துண்டறிக்கை நீட்டுவீர்களா? மெழுகுவத்தி வாங்கி வைத்தாயா என்று கேட்பீர்களா? வெட்கமே இல்லையா உங்களுக்கு?

விவரம் தெரிந்தவர்கள் பையை நம்புவதில்லை. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டார்கள். காருக்குப் போக்கிடம் இருக்கிறது.

நேற்று ராத்திரி பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலியோடு அம்மா பரணுக்குக் கீழே நின்று பெரிய அண்டாவை இறக்கச் சொன்னாள்.

"இது எதுக்கும்மா?"

"மறந்துட்டியா? அந்த வெள்ளத்துல பாப்பாவை இதுல உட்கார வெச்சுத்தானே இழுத்துட்டுப் போனோம்."

"அவ இப்ப எட்டாவது படிக்கிறா. அதுல கொள்ளமாட்டா."

"அவளுக்கு இல்லடா," என்றாள் அம்மா. "எனக்கு."