பென்குவின் கண்விழிக்கையில் எழும் வெப்பம்: ஓர் ஆய்வு

மடிக்கணினி லினக்ஸில் பூட் ஆகும்போது கொதிப்பது ஏன் என்னும் வினாவில் அறிஞர் உலகம் மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. தூசிக் கட்சியார் விசிறியின் வாயில் அடைத்த பஞ்சையும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் குற்றம் சாட்டுவர். கிராஃபிக்ஸ் கட்சியார், இரண்டு ஜி.பி.யு. உள்ள கணினியில் வேலையில்லாத இரண்டாவது, சும்மா உட்கார்ந்து மின்சாரம் தின்பதைச் சுட்டுவர். கெர்னல் கட்சியார் எதற்கும் 2011-ஐக் காட்டுவர்.

கடைசிக் கட்சிக்கு வரலாற்றுச் சான்று உண்டு. 2011 மார்ச்சில் வெளியான 2.6.38 கெர்னல், சில கணினிகளில் பயாஸ் சொன்னதை அப்படியே நம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளின் மின்சேமிப்பை அணைத்து வைத்தது. 2012-இல் வந்த 3.3 கெர்னலில்தான் திருத்தம் சேர்ந்தது. வழக்கு முடிந்துவிட்டது, கட்சி மட்டும் கலையவில்லை.

சான்று திரட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. கெர்னல் தன் வெப்பக் கோப்பில் டிகிரியை ஆயிரத்தால் பெருக்கித்தான் எழுதும். 97000 என்று கண்டவர் தீயணைப்பு நிலையத்துக்கு ஓட வேண்டாம். சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். இங்கே பொருள் 97. அதுவும் மகிழத்தக்க எண் அல்ல. பல இன்டெல் சிப்கள் 100 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல், பயாஸ் குறித்துவைத்த அபாய எல்லையைச் சூடு தொட்டால், கெர்னல் கணினியையே அணைத்துவிடும்.

மூன்று கட்சியையும் ஒருசேர விசாரிக்கும் சோதனை எளியது: கிரப் மெனுவிலேயே கணினியைச் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும்.

அங்கே கெர்னல் இன்னும் பிறக்கவில்லை. பிராசஸரை உறங்கச் சொல்ல ஆளில்லாததால், பல கணினிகளில் அது யாராவது கீயை அழுத்துகிறார்களா என்று ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே இளஞ்சூடு இயல்பு. விசிறி அலறியும் சூடு ஏறிக்கொண்டே போனால் லினக்ஸுக்கு விடுதலை. தூசிக் கட்சிக்கு வெற்றி. மெனுவில் அடங்கியிருந்து டெஸ்க்டாப் வந்தபின் கொதித்தால், இரண்டாவது ஜி.பி.யு.வைக் கூண்டில் ஏற்றலாம். அதை அணைக்கும் வசதி, விஜிஏ ஸ்விட்சரூ என்ற பெயரில், 2010-இலேயே கெர்னலில் சேர்ந்துவிட்டது. டாப் கட்டளையின் பட்டியலில் கெர்னலின் பணியாளான கேவொர்க்கர் முதலிடத்திலிருந்து இறங்க மறுத்தால், ஏசிபிஐ குறுக்கீடுகள் அடைமழையாகப் பொழிகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அதற்காக ஏசிபிஐயையே அணைத்துவிடும் கைவைத்தியத்தை இவ்வாய்வு ஏற்கவில்லை. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை 1996-இல் வெளியிட்ட அந்த நெறிமுறை வழியாகத்தான் வெப்ப எல்லைகள் கெர்னலுக்குத் தெரிகின்றன. அணைத்தால் சூடு நிற்காது. சூட்டின் எல்லை பற்றிய தகவல்தான் நிற்கும்.

மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து, அடிப்பக்கக் காற்றுத் துளைகளைப் போர்வையால் அடைத்துவிட்டு, ஒவ்வொரு கெர்னலாக மாற்றிப் பார்க்கும் நான்காம் கட்சியார் தனி ஆய்வுக்குரியவர்கள்.