மலிவு மாதிரி விமான என்ஜின்களின் தரம் அறிதல்: பூண்டுலோயா முறை, ஓர் அறிமுகம்

மலிவு என்ஜின் பற்றிய அறிவு இதுவரை மூன்று மரபுகளாகவே வளர்ந்திருக்கிறது. பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்குவோர் முதல் மரபினர். விலையைப் பார்த்துத் தரத்தை ஊகிப்போர் இரண்டாமவர். மச்சான் சொன்னதைக் கேட்டு வாங்குவோர் மூன்றாமவர், பெரும்பான்மையும் இவர்களே. இம்மூன்று மரபிலும் என்ஜினைத் தொட்டுப் பார்ப்பது கட்டாயமில்லை. இக்குறையைப் போக்கவல்ல நான்காம் மரபு, அதாவது ருசி பார்த்துத் தரம் அறியும் மரபு, மலையகத்துப் பூண்டுலோயாவின் தேயிலை ஃபேக்டரிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. தேயிலைக்கு மட்டுமே பயன்படுத்தி அதை வீணாக்கி வருகிறார்கள்.

கோட்பாடு

ருசி பார்க்கத் தேநீர் தயாரிக்கும் சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 3103. 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். இதே விஷயம் பற்றிய பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 6008க்கு 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசே கிடைத்திருப்பதால், துறையின் கண்ணியத்தை யாரும் ஐயுற வேண்டியதில்லை. 6 நிமிடம் ஊறிய சாயம் நாக்கை இழுக்கும். ஆசைப்பட்டு யாரும் குடிக்க மாட்டார்கள். காரணத்தோடுதான் அப்படி ஊறவைக்கிறார்கள். பதமாகப் போட்டுப் பாலும் சீனியும் கலந்தால் தூளின் குறை வெளியே தெரியாது.

என்ஜினுக்கும் இதுவே விதி. கடலோர வெயிலில் எல்லா என்ஜினும் நல்ல பிள்ளைதான். அதை மலைக்கு ஏற்ற வேண்டும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பூண்டுலோயா அவ்வளவு உயரத்தில் இல்லை; ஆனாலும் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கொழும்பில் திருகிவைத்துக் கொண்டுவந்த என்ஜின் இங்கே இருமத் தொடங்கிவிடும். காற்று குறைந்த அளவுக்கு எரிபொருளையும் குறைக்க, ஊசியை உள்ளே திருக வேண்டும். காலைக் குளிரும் பனிமூட்டமும் இலவச இணைப்பு.

ஆய்வுப் பொருள்

இங்கிலாந்தின் மில்ஸ் 0.75 சிசி டீசல், அதைப் பார்த்துக் கல்கத்தாவில் செய்த நகல், சோவியத்தின் 1.5 சிசி எம்.கே.17, அமெரிக்காவின் காக்ஸ் 049 ஆகியவை இவ்வியலின் செவ்வியல் நூல்கள். 049 என்பது 0.049 கன அங்குலம், ஏறக்குறைய 0.8 சிசி. சாதாரணச் சிறுவன் வாங்கக்கூடிய விலைக்கு விற்ற காக்ஸில் பிஸ்டனும் சிலிண்டரும் மிகத் துல்லியமாகக் கடையப்பட்டிருந்தன. மலிவென்றால் மட்டம் என்ற சித்தாந்தம் அங்கேயே அடிபட்டுப்போகிறது.

அளவுகோல்கள்

ஒன்று, தூள். டீமேக்கர் தட்டில் தூளைப் பரப்பி நாரும் தண்டும் தேடுவார். நாம் என்ஜினின் பின்மூடியைக் கழற்றி உலோகச் சீவல் தேட வேண்டும். இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவுக. பிறகு ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுக. கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் பற்றி வேறு ஆதாரம் தேவையில்லை.

இரண்டு, சக்கை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் புரொப்பெல்லரை மெல்லச் சுற்றினால் பிஸ்டன் உச்சிக்கு வருகையில் எதிர்ப்பு வர வேண்டும். சிலிண்டரின் பித்தளை உறையில் குரோமியம் பூசிய புது என்ஜின் அங்கே கிறீச்சிடும். அது நோயன்று. உறையின் மேற்பகுதியை வேண்டுமென்றே ஒடுக்கிக் கடைந்திருக்கிறார்கள். சூடேறினால் விரிந்து சரியாகும்.

மூன்று, மணம். எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசம் வந்தால் உயவு நடக்கிறது என்று பொருள். வயிற்றைச் சுத்தம் செய்யப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதையே என்ஜின் மகிழ்ந்து குடித்து நம் சட்டையில் துப்பும்.

நான்கு, சாயம். ஓடிக்கொண்டிருக்கையில் எரிபொருள் குழாயை விரலால் ஒரு கணம் நசுக்குக. வேகம் மிகவும் ஏறினால் எரிபொருள் கூடுதல். உடனே செத்தால் குறைவு. வேகம் சற்றே ஏறிப் பின் இறங்கினால் சரி. அதன்பின் விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்து, மூச்சு வாங்குகிறதா என்று கேட்க வேண்டும். மேலைநாட்டுக் கையேடுகள் பத்தி பத்தியாக விளக்கும் இச்சோதனையை, இங்குள்ள த்ரீவீல் சாரதி எவரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “ஏத்தத்துல இழுக்குமாண்ணே?”

மறுப்புரை

பூண்டுலோயாவில் விமானம் இறங்கச் சமதரை இல்லையே என்பார்கள். உண்மைதான். கொழுந்து மலையில் இறங்கினால் தேடிப் பிடிப்பது கஷ்டம். கவ்வாத்து வெட்டிய மலையில் இறங்கினால் இறக்கை சல்லடை. ஆனால் இக்கட்டுரை என்ஜினின் தரம் பற்றியது. இறக்கைக்குத் தனி ஆய்வாளர் வரட்டும்.

முடிவு

தேர்ந்த என்ஜின்களைத் தேயிலை போலவே தரம் பிரிக்கலாம். சுண்டியதும் பிடிப்பது பி.ஓ.பி. கெஞ்சினால் பிடிப்பது பி.ஓ.பி.எஃப். விரலைப் பதம் பார்த்து, எண்ணெய் கக்கி, ஆனாலும் ஏத்தத்தில் இழுப்பது டஸ்ட். மலிவுச் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது இந்த டஸ்ட்தான். அதை மதிப்பிடத் தகுதி யாருக்கு? நல்ல தூள் கப்பலேறிப் போக, மிஞ்சிய டஸ்ட்டில் தலைமுறைகளாக நல்ல சாயம் இறக்கிக் குடித்துவரும் லயத்து மக்களுக்கே. ஆகவே சர்வதேசத் தர நிர்ணயக் குழு ஒன்று அமையுமானால் அதன் தலைமையகம் பூண்டுலோயாவில் இருக்க வேண்டும். உறுப்பினருக்குத் தரும் படியை நாட்சம்பளத்தோடு சேர்த்து, சம்பளம் கூடிவிட்டதாகக் கணக்குக் காட்டக் கூடாது.