லோரிக்கு ஒரு பொன்னாடை

கெடாவில் உள்ள தமிழ்ச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், கட்சிக் கிளைகள் அனைத்துக்கும் ஒரு விண்ணப்பம். போன வாரம் பொன்னாடை போர்த்திய அதே மக்கள் பிரதிநிதிக்கு, அதாவது ஒய்.பி.க்கு, இந்த வாரமும் போர்த்துகிறீர்களே, அவருக்கும் வேர்க்காதா? ஒரு மாற்றத்துக்குத் தோட்டத்து லோரிக்குப் போர்த்துங்கள். கெடா தோட்டங்களின் ஆம்புலன்ஸ் வரலாறு என்று ஒன்றை எழுத உட்கார்ந்தால், கதாநாயகனாக அதுதான் வந்து நிற்கிறது.

பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். விடியலில் ஆளை ஏற்றியது லோரி. வெயில் ஏறியதும் கித்தாப் பாலை ஏற்றியது. திருவிழாவுக்குச் சாமியை ஏற்றியது. நடுச்சாமத்தில் இடுப்புவலி கண்டவளையும் அதுதான் ஏற்றியது. பால் நாற்றத்தில், சாக்கு விரிப்பில், செம்மண் சடக்கின் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்பால் எண்ணிக்கொண்டே சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கோ கூலிமுக்கோ.

சாவி மட்டும் இருந்தால் அந்த லோரி கிளம்பாது. வந்திருப்பது நோய்தான் என்று தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் ஒத்துக்கொள்ள வேண்டும். கிராணி போய்ச் சொல்ல வேண்டும். துரைக்குத் தூக்கம் கலைய வேண்டும். டிரெசருக்குச் சம்பளம் தருவது கம்பெனி. ஆகவே காய்ச்சலா கள்ளச் சாக்கா என்பதுதான் அவர் செய்யவேண்டிய முதல் பரிசோதனை. வயிற்றுக்கு மிக்சர், தலைக்கு மிக்சர், முதுகுக்கும் மிக்சர். நல்ல டிரெசர்களும் இருந்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் அவர்கள் கையில்தான் பிறந்தன. ரத்தப்போக்கு மிக்சருக்கு நிற்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அப்படியென்றால் அரசாங்கம் என்ன செய்தது? நிறையச் செய்தது. 1950களில் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் வந்தது. அதற்கு ஆள் பழக்கும் நிலையம் அமைந்ததும் நம் கெடாவில், ஜித்ராவில்தான். 50,000 பேருக்கு ஒரு பெரிய நிலையம், 10,000 பேருக்கு ஒரு கிளை, 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. உலகம் மெச்சிய கணக்கு. அந்தக் கணக்கில் தோட்டம் மட்டும் விழவில்லை. ஏன்? அது தனியார் நிலமாம். காட்டுக்குள் இருந்தாலும் கிராமமில்லை, சடக்கோரம் இருந்தாலும் டவுனில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் பொறுப்பு. அரசாங்கத்துக்கு அவ்வளவு கூச்சம். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையுமா?

நுழையாதுதான். 1947இல் கள்ளுக்கடை வேண்டாம் என்று பீடோங்கில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை மறியல் செய்தபோது நுழைந்தது போலீஸ். டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கியோடு நுழைந்தது. ஒரு தொழிலாளி செத்தார். அன்றைக்கு யாரும் தனியார் நிலமென்று கேட்டில் தயங்கி நிற்கவில்லை. சரி, அது வெள்ளைக்காரன் காலம். பிறகு? ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப்பெட்டி நுழைந்தது. அதற்கு முன்னால் ஒலிபெருக்கி கட்டிய கார், பிரியாணிப் பொட்டலம், கும்பிட்ட கைகள் எல்லாம் நுழைந்தன. தாதியும் ஆம்புலன்சும் வரும்போது மட்டும் அந்தக் கேட்டுக்குச் சட்டம் ஞாபகம் வந்துவிடும்.

முதலாளி மருத்துவ வசதி தந்தே ஆகவேண்டும் என்று 1990இல் மலேசிய நாடாளுமன்றம் விரிவான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தோட்டத்துக்கு வந்த மற்ற உதவிகளைப் போல அதுவும் சாவகாசமாக வந்து சேர்ந்தது. அதற்குள் கித்தா மரங்கள் சாய்ந்து செம்பனை ஏறிக்கொண்டிருந்தது. லயங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தன. மருந்து வந்தபோது நோயாளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

2007இல் அவசர எண்கள் எல்லாம் 999க்குள் அடங்கின. மூன்றே இலக்கம், படிக்காத பாட்டியும் அழுத்தலாம். அந்தப் பக்கத்துக் குரல் ரோட்டின் பெயர் கேட்கும். “பழைய பதினெட்டாம் நம்பர் காடு, முனியாண்டி கோயிலைத் தாண்டி” என்று பாட்டி சொல்வாள். எந்த வரைபடத்தில் இருக்கிறார் முனியாண்டி?

இதற்கிடையே நம்மவர்களும் சும்மா இல்லை. சவ வேனுக்கு நன்கொடையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பக்கவாட்டில் பெயர் எழுத நல்ல அகலம். ஊர்வலத்தில் மெல்லப் போவதால் எல்லாரும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். ஆம்புலன்ஸ் விரைந்து போகிற வண்டி. அதில் பெயர் எழுதி என்ன லாபம்?

ஆகவே விழாவை உடனே நடத்துங்கள். லோரியைக் கழுவ வேண்டாம், அந்த நாற்றம்தான் அதன் பதக்கம். வாழ்த்துரையை மட்டும் சுருக்கிக்கொள்ளுங்கள். பின்பலகையைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். செம்பனைக் குலை விழுந்து தோள் நொறுங்கிய வங்காளதேசத்துப் பையன் ஒருவன் சாக்கின்மேல் கிடக்கிறான். சாக்கு பழையது, ஆள்தான் புதிது. சீக்கிரம் போர்த்துங்கள், வண்டி கிளம்ப வேண்டும்.