வௌவால் வேடத்தின் இருளும் சிரிப்பும்: ஒரு வன்னி விசாரணை

ஏ-9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த கனகராயன்குளத்தில், இலுப்பை பழுக்கும் காலத்து அந்தியில் வந்திறங்கும் வௌவாலைக் கண்டு அஞ்சினாரை யாம் இதுவரை அறியோம். தகரம் தட்டி அதனை விரட்டுவார் உளர், கொய்யாவுக்கு வலை கட்டிக் காப்பார் உளர், அவ்வளவே. ஆகையால், பொப் கேனும் பில் ஃபிங்கரும் 1939ஆம் ஆண்டிலே படைத்தளித்த பற்மான் என்னும் படக்கதைத் தனவந்தன், துஷ்டர் நெஞ்சிலே பீதி விளைக்கக் கருதியே வௌவால் வேடம் பூண்டான் என்னும் மூலவாக்கியம் எமதூர்ப் பிரமாணத்துக்கு ஒவ்வாது. ஆயினும், அவ்வேடத்தைத் திரையிலே இருளாகக் காட்டுதல் நன்றோ, சிரிப்பாகக் காட்டுதல் நன்றோ என்று உலகத்து ரசிகசிகாமணிகள் நெடுங்காலமாக நிகழ்த்திவரும் வாதத்தைப் பரிசீலித்து முடிபு கூறுதல் எமது கடனாயிற்று.

சிரிப்புவாதிகளின் வேதம் 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடராகும். அதில் அடம் வெஸ்ற் விடும் குத்து ஒவ்வொன்றுக்கும் அதன் ஓசை எழுத்துருப் பெற்றுத் திரையை நிறைக்கும். வில்லரின் மறைவிடம் வந்தாலோ, அவர்தம் கோணல் புத்திக்கு இசைய, கமராவும் கோணிக்கொள்ளும். அவ்வாண்டே வெளியான திரைப்படத்தில் சுறாமீன் விரட்டும் தெளிமருந்தும் உண்டு. இவற்றினும் எம்மைக் கவர்ந்தது ஜோக்கராக வந்த சீசர் றொமேரோவின் மீசையே. அதனை மழிக்க அவர் மறுத்துவிட்டமையின், மீசையின் மேலேயே வெள்ளை அரிதாரத்தை அப்பினர். உற்று நோக்குவார்க்கு மேலுதட்டில் மயிர் நிரை நிரையாகப் புடைத்துத் தோன்றும். பெண்வேடம் கட்டுமுன் மீசையைத் தியாகஞ்செய்து வீட்டாரிடம் ஏச்சு வாங்கிய எம் கூத்தர், இச்செய்தி கேட்பின் பெருமூச்செறிவர்.

இருள்வாதிகளோ 1989இல் ரிம் பேர்ட்டனிடம் தீட்சை பெற்றவர்கள். 1997இல் ஜோர்ஜ் குளூனி வௌவால் முத்திரை பொறித்த கடனட்டையை உருவிக் காட்டியபோது அவர்களுக்கு நேர்ந்த மானபங்கம், 2005இல் கிறிஸ்ரோபர் நோலன் வந்த பின்னரே தீர்ந்தது. 2022இல் வந்த படமோ, ஏறக்குறைய மூன்று மணிநேரமும் மழையிலும் இரவிலும் ஊறிக்கிடந்து, சைவசித்தாந்திகள் கூறும் ஆணவமாகிய இருள்மலத்துக்கே உருவம் கொடுத்ததொத்தது. எமது ஆட்சேபம் ஒன்றே: 1990களில் மின்சாரமற்று, எரிபொருளுக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த வன்னியில், ஜெனரேற்றரின் தயவில் விக்கி விக்கி ஒளிர்ந்த சிறு பெட்டியிலே அத்தகைய படத்தை ஓடவிட்டிருந்தால், அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதைச் சத்தத்தைக் கொண்டே அனுமானித்தல் வேண்டும். இருள்வாதம், விளக்கு அணையாத தேசத்தாரின் சித்தாந்தம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி எமது முடிபு. காத்தவராயன் கூத்திலே இளங்காத்தானாக ஒருவர் துள்ளி வருவார், வளர்ந்த காத்தானாக இன்னொருவர் வருவார், விடியற்புறத்திலே கழுமரமேறும் காத்தான் வேறொருவர். பகிடியும் பயங்கரமும் ஒரே இரவில், ஒரே கொட்டகையில், ஒரே நாயகன் பெயரால் நடந்தேறும். அவருள் மெய்யான காத்தான் எவர் என்று பாயிலிருந்தெழுந்து வழக்காடினாரும் இலர். சிரித்த வாயோடு இருந்தவரே கழுவடியிற் கண்ணீர் விடுவர்.

ஆதலின் பற்மான்கள் அனைவரையும் ஒரே இரவில் மேடையேற்றுக என்பது எமது விதப்புரை. பிள்ளைகள் உறங்குமுன் அடம் வெஸ்ற் ஆடுக. பெரியோர் தேத்தண்ணிக்கு எழும்பும் இடைவேளையைக் குளூனிக்கு ஒதுக்குக. நடுச்சாமம் பேர்ட்டனின் மைக்கல் கீற்றனுக்கும் நோலனின் கிறிஸ்ரியன் பேலுக்கும் உரியதாகுக. 2022இன் றொபேட் பற்றின்சனை மட்டும் நாலு மணிக்கு முன்னரே இறக்கிவிடல் வேண்டும்; விடிந்துவிட்டால் அவர் படத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.