ஹாரனா, ஃபேனா?

எங்கள் காருக்கு மாமல்லபுரம் பிடிக்கும், தி.நகர் பிடிக்காது. ஈ.சி.ஆரில் கத்திரி வெயிலிலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. அதே வண்டி உஸ்மான் ரோட்டில் கால் மணி நேரம் நின்றால், முள் சிவப்புக் கோட்டைப் பார்க்கக் கிளம்பிவிடும்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேனுக்கு வேலை. அம்பாசடரில் ஃபேனை எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றியாக வேண்டும், சொந்த புத்தி கிடையாது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்தார்கள். ஃபேன் தனிக்குடித்தனம் போய், மின்சாரத்தில் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் 95 டிகிரியைத் தொடும் வாக்கில் ‘சுற்று’ என்று சொல்ல ஒரு சென்சார், அதைக் கேட்டு மின்சாரம் அனுப்ப ஒரு ரிலே, நடுவில் ஒரு ஃபியூஸ். இவர்களில் யார் கோபித்துக்கொண்டாலும் ஃபேன் நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லஸ் கார்னரில், மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்து மறைத்திருக்கும் இடத்தில் இவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டார். பானெட்டைத் தூக்கினேன். மயிலாப்பூரில் பானெட்டைத் தூக்குவது கச்சேரிக்கு நோட்டீஸ் ஒட்டுவதற்குச் சமம். டிபன் முடித்து வந்த மாமா ஒருவர் எட்டிப் பார்த்து, “தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிஞ்சுடுங்கோ. மெட்ராஸ் வெயிலுக்கு அது எதுக்கு?” என்றார். ஆட்டோக்காரர் ஒருவர், பேச்சே இல்லாமல், அழுக்குத் துணியோடு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். என் மனைவி போட்ட சத்தத்தில் துணி கீழே விழுந்தது. நியாயமான சத்தம். அந்த மூடி கொடுக்கும் அழுத்தத்தில்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. திறந்தால் முகத்துக்குத்தான் வரும்.

வண்டி ஆறியதும் மந்தைவெளி மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனோம். அவர் பானெட் பக்கமே போகவில்லை. “ஏ.சி. போட்டா ஃபேன் ஓடுதா சார்?” பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். அப்போது சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றாவிட்டால் சந்தேகம் சென்சார் மேல். எங்களுடையது இரண்டுக்கும் அசையவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கனெக்டரைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக மோட்டாருக்குக் கொடுத்தார். விர்ரென்று ஓடியது. அப்புறம் தினத்தந்தியில் ஒரு துண்டு கிழித்து முன் கிரில்லில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. “காத்தை உள்ள இழுக்குது. சில பேர் ஒயரை மாத்திக் குடுத்துடுவாங்க. ஃபேன் ரிவர்ஸ்ல சுத்தும். பார்க்கிறவனுக்கு ஃபேன் ஓடுது, வண்டிக்கு ஹீட் ஏறுது.”

மிச்சம் ரிலே. உடனே சென்னை மெக்கானிக்குகளின் தேசிய கீதத்தைப் பாடினார்: “டைரக்ட் பண்ணிடட்டா சார்?” டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்துவிடுவார்கள், கூலிங் என்பது அதன் பிறகு ஓட்டுகிறவரின் ஞாபகசக்தியைப் பொறுத்தது. கண்ணாடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற ஆளுக்கு அது ஆகாது என்று மனைவியே பதில் சொல்லிவிட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஃபியூஸ் பெட்டியில் ஹாரன் ரிலேயைப் பிடுங்கி, ஃபேன் ரிலே இருந்த இடத்தில் சொருகினார். இந்த வண்டியில் இரண்டும் ஒரே ரகம். ஏ.சி.யைப் போட்டதும் ஃபேன் பாடியது. நோய் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. “இன்னிக்கு ஜி.பி. ரோடு கடையெல்லாம் லீவு சார். நாளைக்கு வாங்கிக்கலாம். இப்போதைக்கு ஹாரனா, ஃபேனா, நீங்களே சொல்லுங்க.”

வேறெந்த ஊரிலும் இது ஒரு கேள்வியே இல்லை. சென்னையில் நான் நிஜமாகவே யோசித்தேன்.

ஃபேனோடு அடையாறுக்குக் கிளம்பினோம். திரு.வி.க. பாலத்தில் குறுக்கே வந்த ஆட்டோவைப் பார்த்து மனைவி கண்ணாடியை இறக்கி, “அண்ணா, கொஞ்சம் ஓரமா போங்கண்ணா!” என்று கத்தினாள்.

“ஹாரன் அடிக்கிறதுதானே மேடம்?”

“ஹாரன் ஃபேனுக்குப் போயிடுச்சுண்ணா!”

அவர் ஒரு நொடி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒதுங்கினார்.