செவிச்செல்வர்

செவிச்செல்வரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதை ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வந்துகொண்டிருந்த நேரத்தில், பக்கத்து இலைப் பையன் வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தான்.

"மாமா, அஞ்சாயிரத்துக்குள்ள நல்ல ஹெட்போன் எது வாங்கலாம்?"

செவிச்செல்வர் கையில் இருந்த அப்பளத்தை இலையில் வைத்தார். அதைப் பார்த்ததுமே அவர் மனைவி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "எனக்கு நேரா மோர் விட்டுடுங்க தம்பி, நான் சீக்கிரம் எழுந்திருக்கணும்" என்றார். அனுபவசாலி.

"எதுக்குப்பா? பாட்டு கேக்கவா, மிக்ஸிங் பண்ணவா?"

"பாட்டு கேக்கத்தான் மாமா."

"எங்க உக்காந்து கேப்ப?"

"ஹாஸ்டல்ல."

"கண்ணாடி போடுவியா?"

"இல்ல மாமா."

"போடுவ. சரி, ஓப்பன் பேக்கா, க்ளோஸ்டு பேக்கா?"

ஹெட்போனுக்கு முதுகு என்று ஒன்று உண்டு என்பதே பையனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். உண்டு. காதுக்கு மேல் உட்காரும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலைக்கம்பியோடு திறந்திருந்தால் ஓப்பன் பேக். பிளாஸ்டிக்கோ உலோகமோ போட்டு அடைத்திருந்தால் க்ளோஸ்டு பேக். உள்ளே துடிக்கிற மெல்லிய சவ்வு, காதுப்பக்கம் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ அவ்வளவையும் முதுகுப்பக்கமும் தள்ளும். முதுகு திறந்திருந்தால் அந்தச் சத்தம் வெளியே போய்விடும், பாட்டு விசாலமாக இருக்கும். அடைத்திருந்தால் போக்கிடம் இல்லாமல் உள்ளேயே முட்டிமோதித் திரும்பி வரும். அதை நுரையும் பஞ்சும் வைத்து அடக்குவதில்தான் தயாரிப்பாளரின் சாமர்த்தியம். அடக்கத் தெரியாதவர் செய்த ஹெட்போனில் பாடகர் தகர டிரம்முக்குள் உட்கார்ந்து பாடுவார்.

இவ்வளவையும் சொல்லி முடித்து, சந்தைக்கு வந்த முதல் ஓப்பன் பேக், மஞ்சள் நுரை வைத்த சென்ஹைசர் எச்டி 414, பிறந்த வருஷம் 1968 என்ற இடத்துக்கு அவர் வந்தபோது பாயசமும் வந்தது. பையன் கை கழுவப் போனவன் திரும்பவில்லை.

செவிச்செல்வரின் சித்தாந்தம் சுருக்கமானது: ஓப்பன் பேக் சங்கீதம், க்ளோஸ்டு பேக் இல்லறம். அவரும் ஒரு காலத்தில் ஓப்பன் பேக்கில் சொக்கிக் கிடந்தவர்தான். ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பார். அவருக்கு முழு இசைக்குழு. பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கு அதிலிருந்து கசிந்து வந்தது சிம்பலும் தாம்பாளமுமாக ஒரு "ட்ச்சு ட்ச்சு" மட்டும். "ஏங்க, ஒண்ணு பாட்ட வெளில வைங்க, இல்ல நீங்க வெளில போங்க" என்று ஒரு நாள் தீர்ப்பு வந்தது. மறுநாளே முதுகை அடைத்த கட்சிக்கு மாறினார்.

மாறிய பின் வேறு சிக்கல். மூடிய கிண்ணம் கீச்சென்ற சத்தங்களை நன்றாகத் தடுக்கும். தாழ்ந்த உறுமலை அவ்வளவாகத் தடுக்காது. அது பௌதிகம், யார் தப்பும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் இந்தப் பௌதிகம் விபரீதமாக வேலை செய்யும். தெருவில் போகிற தண்ணீர் லாரி அவருக்குக் கேட்கும், குக்கர் விசில் கேட்காது. மின்விசிறி கேட்கும், காலிங்பெல் கேட்காது. "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கோயிலுக்குப் போய்வந்தால், சோறு களியாகி, களி கரியாகிக்கொண்டிருக்கும். இவர் கண்ணை மூடி, இளையராஜாவின் பேஸ் கிட்டாரோடு எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். உறுமலையும் அடக்குகிற நாய்ஸ் கேன்சலிங் வாங்கிக்கொள்ளலாமே என்றால் முகம் சுளிப்பார். "அது பேட்டரி போட்டு வாங்குற அமைதி சார். எனக்கு வேணாம்."

சென்னையில் இருக்கிற செவிச்செல்வருக்கு மவுண்ட் ரோடு பக்கம் வேலை வந்தால் கால் தானாக ரிச்சி தெருவுக்குத் திரும்பும். டெமோ பீஸ் வைத்திருக்கிற கடை எது, பையைக் கிழிக்க விடுகிற கடைக்காரர் யார் என்பதெல்லாம் அத்துப்படி. தோள்பையில் சொந்தப் பாட்டு, சொந்த வயர், 3.5 மில்லிமீட்டரை 6.3-க்கு மாற்றும் பின், உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர், சுருக்கமாக ஆம்ப். ஹெட்போனை மாட்டியதும் இடம் வலம் பார்ப்பார். எண்பதுகளின் ராஜா பாட்டு ஒன்றைப் போடுவார். பேஸ் கிட்டார் தனியாக நடக்கிறதா, தபேலா அதன் காலை மிதிக்கிறதா என்று ஒரு சோதனை. ஜானகியம்மா அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது கேட்கிறதா என்று இன்னொன்று. மூச்சு கேட்டுவிட்டால் பாட்டை நிறுத்திவிடுவார். அவர் கடையில் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

அடைத்த முதுகுக்காரர்களுக்குள்ளும் கட்சிகள் உண்டு. வடகலை தென்கலை வழக்கெல்லாம் இதனிடம் தோற்றது. ஒரு கட்சி சோனி எம்டிஆர் 7506. 1991-ல் வந்து, இன்றைக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் படப்பிடிப்புகளிலும் நீலப் பட்டையும் சுருள் வயருமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டை அழகாகக் காட்டுவது அதன் வேலை இல்லை, குற்றத்தைக் காட்டிக்கொடுப்பதுதான். இன்னொன்று ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், 2014-ஐச் சேர்ந்தது. சத்தம் எழுப்பும் டிரைவர் 45 மில்லிமீட்டர், கழற்றி மாட்டுகிற வயர், கொஞ்சம் தூக்கலான பேஸ். இளைஞர் அணி அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, ஜெர்மனிக்காரர்களின் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ. 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வரும். 80-க்கும் 250-க்கும் சாம்பல் நிற வெல்வெட் மெத்தை.

நம்மவர் 250 ஓம் வாங்கினார். ஓம் ஏறினால் தரம் ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஓம் என்பது மின்தடையின் அளவு. அது கூடக்கூட, தள்ளுகிற கருவிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். போனில் சொருகினால் முழு வால்யூமிலும் பாட்டு அடுத்த தெருவில் பாடுகிற மாதிரிதான் இருந்தது. ஆகவே ஆம்ப். ஆம்ப் வந்தபின் அதற்குத் தகுந்த டிஏசி, அதாவது டிஜிட்டல் பாட்டை மின்னலையாக்கும் பெட்டி. டிஏசிக்குத் தகுந்த வயர். இதில் எந்தப் பொருளும் அதற்கு முந்தைய பொருளை விட மலிவாக இல்லை.

இவ்வளவு பேசுகிறவர், மாட்டிக்கொண்டால் சுகமாக இருக்குமா என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் பழகிடும்" என்று கையை வீசிவிடுவார். என்னைக் கேட்டால் மொத்த வழக்கும் அந்த இடத்தில்தான் தீர்கிறது. அவர் இதுவரை விற்ற ஹெட்போன் எதையும் சத்தம் பிடிக்காமல் விற்கவில்லை. எல்லாமே தலை தாங்காமல் விற்றவை.

முதலில் பிடி. க்ளோஸ்டு பேக் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு நூலிழை இடைவெளி போதும், பேஸ் அந்த வழியாக வெளியேறிவிடும். அதனால் இறுக்கிப் பிடிக்கிற மாதிரிதான் செய்கிறார்கள். இறுக்கினால் அரை மணியில் பொட்டு வலிக்கும். தளர்த்தினால் பேஸ் போகும். செவிச்செல்வர் இதற்கு, பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் அடுக்கி, ராத்திரி முழுக்க ஹெட்போனை அதன்மேல் மாட்டி விரித்து வைப்பார். அந்த வீட்டில் வந்தியத்தேவனுக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அது.

அடுத்தது கண்ணாடி. ஃபிரேமின் கால், மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே புகுந்து ஒரு சந்து உண்டாக்கும். பதினைந்தாயிரம் ரூபாயில் வாங்கிய பேஸ் எண்ணூறு ரூபாய் ஃபிரேமின் ஓரமாக ஒழுகிப் போவதை அவர் கண்டுபிடித்த நாள் வீட்டில் துக்கம். அதிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவைத்துக் கேட்கிறார். எந்தப் பாட்டு ஓடுகிறது என்று திரையில் தெரியாது. மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுவார். கண்ணாடிக்காரர்கள் கடைக்குக் கண்ணாடியோடுதான் போக வேண்டும், கழற்றாமல்தான் மாட்டிப் பார்க்க வேண்டும் என்ற எளிய சங்கதியை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

பிறகு நம் ஊர் வெயில். தோல் மாதிரித் தெரிகிற அந்த மெத்தை தோல் இல்லை, பாலியூரித்தேன் பூச்சு. மே மாதத்தில் அதை மாட்டிக்கொண்டால் இரண்டு பாட்டுக்குள் காது வேகும். வியர்வையும் கடற்கரை ஈரக்காற்றும் சேர்ந்து அந்தப் பூச்சை அரித்துவிடும். ஒரு நாள் கறுப்புச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், "காதுல என்ன சார், புளியா?" என்று கேட்ட பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. வெல்வெட் மெத்தை உரியாது, வேகாது. ஆனால் வியர்வையைக் குடிக்கும், சத்தத்தையும் கொஞ்சம் கசிய விடும். மெத்தையை மாற்றினால் ஹெட்போனின் சுபாவமே மாறிவிடும் என்பது வேறு. எடையும் உண்டு. சோனி 7506 சுமார் 230 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராமுக்குப் பக்கம். கடையில் இரண்டு நிமிஷம் மாட்டிப் பார்க்கிறவருக்கு இது உறைக்காது. இரண்டு மணி நேரம் கழித்து உச்சந்தலை சொல்லும்.

முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே க்ளோஸ்டு பேக்கில் பாட்டுக் கேட்கவும் முடியாது. காது அடைபட்டிருக்கும்போது தாடை எலும்பின் வழியாக வருகிற சத்தம் இரட்டிப்பாகக் கேட்கும். மிருதங்கத் தனியாவர்த்தனத்தை ஒரு கைமுறுக்கு அடக்கிவிடும்.

விஞ்ஞானத்திலும் அவருக்கு நம்பிக்கை உண்டு, தனக்குச் சாதகமான பக்கத்தில். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர், கேட்பவர்களுக்கு எந்த மாதிரி ஒலி பிடிக்கிறது என்று பலரை வைத்துச் சோதித்து ஒரு வளைவு வரைந்தார்கள். அந்த வளைவு இவருடைய போனின் முகப்புப் படம். ஒரு ஹெட்போனின் கிராஃபைப் பார்த்தாலே போதும், காதில் வைக்காமலே, "ஆறாயிரம் ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம் விழுதே" என்று உச்சுக்கொட்டுவார். ஒரு தடவை மகள் பதினைந்தாயிரம் ஹெர்ட்ஸ் கீச்சொலியைப் போனில் போட்டு அவர் காதில் ஹெட்போனை மாட்டினாள். தான் கேட்டபோது காது கூசியது அவளுக்கு. அப்பா அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய காதுக்கு அந்த உயரம் எட்டாது. பெட்டியில் 20,000 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருப்பது பெட்டியின் பெருமைக்கு. ஒரு நிமிஷம் பொறுத்து அவர் சொன்னார்: "இந்த ஹெட்போன்ல ட்ரெபிள் கம்மிம்மா."

புது ஹெட்போனைப் பழக்கினால்தான் குரல் திறக்கும் என்பது அவருடைய இன்னொரு நம்பிக்கை. நாளடைவில் பழகுவது பெரும்பாலும் நம் காதுதான், ஆனால் அதை அவரிடம் சொல்ல முடியாது. வாங்கி வந்த அன்றே இரைச்சல் ஒலி ஒன்றைப் போட்டு, ஹெட்போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போனார். மத்தியானம் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்த மனைவிக்கு உள்ளிருந்து "உஸ்ஸ்" என்று சத்தம். பாம்பு என்று கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் கம்போடு ஓடி வந்து, புடவை மடிப்புகளை எல்லாம் குத்திக் கலைத்து, கடைசியில் வயரைக் கம்பால் தூக்கினார்.

ஒன்றில் மட்டும் அவர் பேச்சைத் தட்டக்கூடாது. வெளிச்சத்தம் அடங்கினால் வால்யூமை ஏற்றத் தோன்றாது. இரைச்சலுக்கு நடுவில் கேட்கிறவர்களுக்கு க்ளோஸ்டு பேக் நல்லது என்பார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்று எல்லை வைத்திருப்பதையும் சொல்வார். பஸ்ஸில் அடுத்த சீட்டுப் பையனின் இயர்போனிலிருந்து பாட்டு வரி புரிகிற அளவுக்குக் கேட்டால், தோளைத் தட்டி இதைச் சொல்லியும் இருக்கிறார். பையனுக்குக் கேட்கவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வரவேற்பறை மேசையில் ஹெட்போன்கள் வரிசையாக இருந்தன. எந்தக் காதுக்கு எது என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். டிடி 770-ஐக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தோம். மனைவி கட்டிலில் சாய்ந்து, சாம்பல் வெல்வெட்டைக் காதில் கவிழ்த்துக்கொண்டு, நேராகப் போனில் சொருகி, சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி கண்ணிலேயே இருந்தது.

"அடடா, அது 250 ஓம்! ஆம்ப் இல்லாம சத்தமே எழும்பாதே!" என்று பதறினார் செவிச்செல்வர்.

மனைவி ஒரு பக்கக் கிண்ணத்தை மட்டும் தூக்கினார். "இது ஒண்ணுதாங்க தலைய அழுத்தல, காதும் வேகல. அதான் எடுத்துக்கிட்டேன். சத்தம் எழும்பலன்னா என்ன, சீரியல்ல அவங்கதான் கத்துறாங்களே."